கொத்து

"இந்தத் தடவ எதுவும் நிக்கக் கூடாது, ஆயி. எல்லாம் வாங்கி வச்சிட்டேன். இன்னும் என்ன பாக்கின்னு நீ ஒரு எட்டு வந்து பாத்துச் சொல்லிடு."

பக்கிரிசாமி பழைய டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்துகொண்டு இதைச் சொன்னார்.

தையல்நாயகி தண்ணீரில் ட்யூபை அமுக்கி, எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

அவருக்கு வயது அறுபத்தொன்று. அவளுக்கு முப்பத்து மூன்று. இதில் குரு அவள்தான்.

ஊருக்கு இது பெரிய தமாஷ். எதிர் டீக்கடையில் பெஞ்சு தேய்க்கிறவர்கள், இன்றைக்கு உபதேசம் ட்யூபில் வந்ததா டயரில் வந்ததா என்று அவரைக் கேட்பார்கள். மெக்கானிக் சாமி என்று பேரும் வைத்திருந்தார்கள். பக்கிரிசாமி கண்டுகொள்ள மாட்டார். முப்பத்திரண்டு வருஷம் மிக்ஸி ரிப்பேர் பார்த்த மனுஷன். இரைச்சல் பழகிப்போன காது.

பஞ்சர் கடைக்காரி எப்படிக் குரு ஆனாள் என்று கேட்டால், அவள் ஒன்றும் ஆகவில்லை. ஆட்கள்தான் வந்தார்கள்.

ஒருத்தர் வந்தார். மகன் தன்னோடு பேசுவதில்லை என்று அழுதார். தையல்நாயகி காற்றடிக்கிற பம்ப்பை அவர் கையில் கொடுத்து, ஒரு ட்யூபைக் காட்டி, அடிக்கச் சொன்னாள். அரை மணி நேரம் அடித்தார். ட்யூப் எழும்பவே இல்லை. இதில் ஓட்டை இருக்கிறதே என்று மூச்சு வாங்கக் கேட்டார்.

"அத மொதல்ல பாத்திருக்கலாம்ல" என்றாள்.

அவர் எழுந்து போய்விட்டார். மறுவாரம் மகனும் அவரும் ஒரே சைக்கிளில் கடைத்தெருவில் போனார்கள்.

இப்படி நாலு நடந்தால் போதும், ஊர் சும்மா இருக்காது.

பக்கிரிசாமி ஒரு வருஷமாகத் தினமும் வருகிறார். டயர் மேல் உட்காருவார். சில நாள் எதுவும் கேட்க மாட்டார். அவள் வேலை செய்வதைப் பார்த்துவிட்டு எழுந்து போவார். இன்றைக்குத்தான் வீட்டுக்கு வா என்று முதல் தடவையாகக் கேட்கிறார்.

காரணம் இருக்கிறது.

அவர் பெண்டாட்டி குஞ்சம்மாளுக்கு இரண்டு வருஷம் முன்னால் வாதம் அடித்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சில் பாதி போய்விட்டது. ஒரு சொல், இரண்டு சொல் வரும். அதுவும் வாயில் மாவை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி வரும். எல்லாவற்றையும்விட மோசம், விழுங்குவது. எது கொடுத்தாலும் கூழாக, நைசாக இருக்க வேண்டும். ஒரு குருணை இருந்தாலும் புரை ஏறும். நமக்கு ஏறினால் தலையில் தட்டித் தண்ணீர் குடித்தால் தீர்ந்தது. அவளுக்கு அது நுரையீரலுக்குள் இறங்கும்.

மிக்ஸி இருந்தவரை கவலை இல்லை. அவர் வீட்டில் மிக்ஸி ஓடாவிட்டால் வேறு யார் வீட்டில் ஓடும்.

போன வருஷம் புயல் வந்தது. இருபத்தாறு நாள் கரண்ட் இல்லை.

மில்லில் அரைத்து வைத்திருந்த மாவு ஒன்பது நாள் வந்தது. அப்புறம் ஈரம் ஏறிக் கட்டிபட்டு, புழு வைத்தது. பத்தாம் நாள் அரிசியை நுணுக்க பாட்டிலை எடுத்து உருட்டினார். துணியில் சலித்துக் கஞ்சி காய்ச்சினார். பதினோராம் நாள் துணியில் எங்கேயோ நூல் விலகியிருந்தது. ஒரு குருணை இறங்கிவிட்டது.

மரங்கள் விழுந்து கிடந்த ரோட்டில் அவளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனார்கள். பதினாலு நாள் ஆஸ்பத்திரி. பிழைத்து வந்தாள். டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னொரு தடவை அவள் உடம்பு தாங்காது என்று சொல்லி அனுப்பினார்.

இப்போது மறுபடி ஐப்பசி. கிழக்கே மேகம் கறுத்தாலே பக்கிரிசாமி கடைக்குப் போய் இன்னொரு சாமான் வாங்கி வந்துவிடுவார்.

தையல்நாயகிக்குக் குமிழி அகப்பட்டுவிட்டது. அந்த இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வாங்கண்ணே, போவோம்."

●

அவர் வீட்டில் ஒரு அறை முழுக்கச் சாமான்.

கையால் சுற்றினால் எரிகிற டார்ச். கையால் சுற்றினால் பாடுகிற ரேடியோ. கயிற்றை இழுத்தால் காய் நறுக்குகிற டப்பா. துணி துவைக்க ஒரு வாளி, அதற்கும் கைப்பிடி. பனையோலை விசிறி அரை டஜன். எல்லாவற்றிலும் சீட்டு ஒட்டிப் பெயர் எழுதியிருந்தார். ஒன்றில்கூடக் கவர் பிரிக்கவில்லை.

கொல்லையில் புதுக் கைப்பம்பு. போட்டு ஆறு மாதம் ஆயிற்று. துருப்பிடிக்கக் கூடாது என்று அதற்குச் சாக்கு சுற்றிக் கட்டியிருந்தார்.

கடைசியாகப் பெஞ்சு மேல் துண்டு போட்டு மூடியிருந்த ஒன்றின் பக்கத்தில் போய் நின்றார். சிலை திறப்பு விழா மாதிரி துண்டை எடுத்தார்.

கல் திரிகை. இரண்டு வட்டக் கல், ஒன்றின் மேல் ஒன்று. நடுவில் தானியம் போடுகிற குழி. சுற்றுவதற்கு மரக் கைப்பிடி.

"இதான் ஆயி எல்லாத்துக்கும் ராஜா. கரண்ட் வருஷக் கணக்கா வராட்டியும் இது அரைக்கும்."

மேல்கல்லைத் தூக்கிக் காட்டினார். உள்பக்கம் பளபளவென்று இருந்தது. கல்லு கடையில் கொடுத்தபோது சொரசொரவென்று அசிங்கமாக இருந்ததாகவும், அதை கிரானைட் பாலிஷ் போடுகிற இடத்துக்குக் கொண்டுபோய் இரண்டு கல்லையும் கண்ணாடி மாதிரி தேய்த்து வாங்கியதாகவும் சொன்னார். மாவு நைசாக வர வேண்டும் என்றால் கல்லும் நைசாக இருக்க வேண்டாமா. கல்லு கடைக்காரனுக்கு இந்த அறிவு இல்லை என்று சொல்லிக்கொண்டார்.

தையல்நாயகி குனிந்து பார்த்தாள். அவள் முகம் தெரிந்தது. பொட்டைச் சரி செய்துகொண்டாள்.

"இதுல எத ஓட்டிப் பாத்தீங்க?"

"எல்லாம் புதுசு ஆயி. கரண்ட் போனாத்தான் பிரிக்கணும்."

அவள் அடுத்த அறைக்குப் போனாள். குஞ்சம்மாள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி, எப்படி இருக்கீங்க?"

"நல்லாத்தான் இருக்கா" என்றார் பக்கிரிசாமி.

"சாப்ட்டீங்களா?"

"எட்டு மணிக்கே கொடுத்துட்டேன்."

குஞ்சம்மாள் இடது கையைத் தூக்கினாள். வாயைக் கோணி, சிரமப்பட்டு, ஒரு சொல் சொன்னாள்.

"கொத்து."

பக்கிரிசாமி சிரித்தார். திரிகை வந்த நாளிலிருந்து இதே பாட்டுதான் என்றார். கொத்துமல்லி ரசம் கேட்கிறாளாம். வாய்க்குச் செத்துப்போச்சு போல. அவரும் தினமும் வாங்கி வருகிறார், அரைத்து வடிகட்டிக் கொடுக்கிறார், மறுநாளும் கொத்து என்கிறாள். சன்னலோரம் ஒரு தட்டில் கொத்துமல்லிக் கட்டு வாடிக் கிடந்தது.

தையல்நாயகி கட்டிலைப் பார்த்து, அப்படியா அண்ணி என்று கேட்டாள்.

குஞ்சம்மாள் இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"அவ எதுக்கும் அப்படித்தான் ஆட்டுவா" என்றார் பக்கிரிசாமி.

தையல்நாயகி வாசலுக்குப் போனாள். மீட்டர் பெட்டியைத் திறந்தாள். மெயினை இறக்கினாள். ஃப்யூஸ் கட்டையை உருவினாள். பஞ்சர் ஒட்டுகிற ரப்பர்த் துண்டுகளோடு சேர்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்குள் மின்விசிறி மெல்ல மெல்ல நின்றது.

"ஆயி, என்ன இது?"

"கரண்ட் போனாத்தான பிரிக்கணும்னீங்க. போயிடுச்சு."

சைக்கிளை எடுத்தாள். எப்போது தருவாய் என்று அவர் பின்னாலேயே கேட்டார். அவள் பெடலை மிதித்துக்கொண்டு போய்விட்டாள்.

●

உண்மையைச் சொன்னால், பக்கிரிசாமிக்கு ஃப்யூஸ் ஒரு பொருட்டே இல்லை. மிக்ஸி மோட்டாரில் சுற்றுகிற செம்புக் கம்பியில் விரல் நீளம் போதும். இரண்டு நிமிஷ வேலை. கம்பி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

பக்கத்து வீட்டில் டிவி அலறிக்கொண்டிருந்தது. அந்த வீட்டு மருமகள் மதில் மேலாக எட்டிப் பார்த்து, கரண்ட் பில் கட்டவில்லையா மாமா, ஒயர் போட்டுத் தரவா என்று கேட்டாள். இங்கேயே அரைத்துக்கொண்டு போங்கள் என்றும் சொன்னாள். நல்ல பெண்தான்.

வேண்டாம் என்றார்.

புயல் அடித்தால் அவள் வீட்டிலும்தான் கரண்ட் இருக்காது. அது அவருக்குத் தெரியும். டப்பாவில் இரண்டு வேளைக்கு மாவு இருந்தது. இன்றைக்குக் குஞ்சம்மாள் பசிக்குக் கவலை இல்லை. சரி, பார்த்துவிடலாம் என்று சட்டையைக் கழற்றினார்.

முதலில் கைப்பம்பு. சாக்கைப் பிரித்து அடித்தார். லொடக் லொடக் என்றது. தண்ணீர் இல்லை. இருபது அடி, நாற்பது அடி. வெறும் காற்று. கழற்றிப் பார்த்தால் உள்ளே தோல் வாஷர் அப்பளமாகக் காய்ந்து கிடந்தது. ஆறு மாதம் ஒரு சொட்டுத் தண்ணீர் காணாத தோல், பின்னே என்ன செய்யும். ஊற வைக்கத் தண்ணீர் வேண்டும். பம்புக்கு மேலே ஊற்றி அடிக்கவும் தண்ணீர் வேண்டும். தண்ணீர் எடுப்பதற்குத் தண்ணீர் இல்லை.

தெருக் குழாய்க்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார். டீக்கடை பெஞ்சு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சாமி தீர்த்தத்துக்குக் கிளம்பிடுச்சு என்று ஒரு குரல் வந்தது.

மூன்று குடம் குடித்துவிட்டுத்தான் பம்பு தண்ணீர் கக்கியது. அவர் சுவரில் கரித்துண்டால் எழுதினார்: ஒரு குடம் எப்பவும் ரொம்பி இருக்கணும்.

மத்தியானம் புழுக்கம். விசிறியை எடுத்துக் குஞ்சம்மாளுக்கு வீசினார். கஞ்சி கொடுக்க வேண்டும், அதற்கு ஒரு கை. அவளைச் சாய்த்துப் பிடிக்க ஒரு கை. விசிறிக்கு ஒரு கை. எண்ணிப் பார்த்தால் எப்போதும் ஒன்று குறைந்தது.

பொழுது சாய்ந்ததும் டார்ச்சைச் சுற்றினார். நூறு சுற்றுக்கு இரண்டு நிமிஷம் எரிந்தது. சுற்றுகிற கைக்கு வெளிச்சம் கிடைத்ததே தவிர, வேலை செய்கிற கைக்குக் கிடைக்கவில்லை. கடுப்பில் அதை அலமாரியில் வைத்துவிட்டு, அகல் விளக்கைத் தேடி ஏற்றினார்.

ஆனாலும் அவர் தளரவில்லை. இதெல்லாம் சில்லறை. ராஜா இருக்கிறார்.

●

மறுநாள் காலை டப்பா காலி.

அரிசியும் பாசிப்பயறும் வறுத்து ஆற வைத்திருந்தார். கட்டில் பக்கத்தில், குஞ்சம்மாள் பார்க்கிற மாதிரி, பெஞ்சை இழுத்துப் போட்டுத் திரிகையை வைத்தார். குழி நிறையக் கொட்டினார். சுற்றினார்.

கல் சொகுசாகச் சுற்றியது. சத்தமே இல்லை. அடடா, பாலிஷ் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நினைத்தார்.

"கொத்து" என்றாள் குஞ்சம்மாள்.

இரு, முதலில் இது என்றார்.

பத்து நிமிஷம் கழித்து ஓரமாக விழுந்ததைப் பார்த்தார். அரிசி அரிசியாகவே இருந்தது. ஒன்றிரண்டு பாதியாக உடைந்திருந்தது. பயறு தோல்கூட உரியாமல் வந்து விழுந்திருந்தது, குளத்தில் குளித்துவிட்டு வந்த மாதிரி.

மறுபடி போட்டார். வேகமாகச் சுற்றினார். அவருக்குத் தெரிந்தது அதுதான், வேகம். மிக்ஸியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏற்றுவதுபோலக் கையை ஏற்றினார். தோள்பட்டை கழன்றது. கல் வழுக்கியது.

ஒரு மணி நேரம் போயிற்று. வந்ததைத் துணியில் சலித்தால் இரண்டு கரண்டி மாவு தேறியது. அதைக் கரைத்தால் கால் டம்ளர். அவள் குடித்துவிட்டு இன்னும் என்று பார்த்தாள்.

பத்து மணி. பதினொன்று. பன்னிரண்டு. அவர் சலித்ததையே திரும்ப அரைத்தார். அரைத்ததையே திரும்பச் சலித்தார். குஞ்சம்மாள் பசியில் உதட்டை நக்கினாள். அவருக்குக் கண் இருட்டியது. கடைசித் தடவை துணியில் போடாமல் சல்லடையில் தட்டினார். பார்க்க நைசாகத்தான் இருந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தார். நைசாகத்தான் இருந்தது. காய்ச்சினார்.

மூன்றாவது கரண்டியில் புரை ஏறியது.

அவள் முகம் சிவந்தது. கண் பிதுங்கியது. இருமல் வெளியே வர மாட்டேன் என்றது. பக்கிரிசாமி அவளை முன்பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு முதுகில் தட்டினார், தட்டினார். சாமி பேர் ஒன்றும் வாயில் வரவில்லை. போன வருஷ ரோடும் கட்டிலும் மட்டும்தான் கண்ணில் வந்தன.

கொஞ்ச நேரத்தில் இருமல் வந்தது. கஞ்சியோடு ஒரு குருணை அவர் கையில் விழுந்தது. கடுகில் பாதிகூட இல்லை.

அவளைத் துடைத்து, சாய்த்து உட்கார வைத்தார். எழுந்தார். சட்டைப் பையிலிருந்து கம்பியை எடுத்தார். போதும். பஞ்சர் கடைக்காரிக்கு என்ன தெரியும். வாசலை நோக்கிப் போனார்.

"கொத்து."

அவர் நின்றார். இரண்டு வருஷத்தில் அவளிடம் குரலை உயர்த்தியதில்லை. அன்றைக்கு உயர்த்தினார்.

"சாகப் பாத்தே இப்ப. இப்பவும் ஒனக்குக் கொத்துமல்லியா?"

தட்டிலிருந்த கட்டை எடுத்துக் கட்டில் மேல் வீசினார்.

குஞ்சம்மாள் அதைத் தொடவில்லை. இடது கையை நீட்டிக் கஞ்சிக் கரண்டியை எடுத்தாள். எட்டி, திரிகையின் மேல்கல்லில் கரண்டிக் காம்பால் தட்டினாள்.

டக்.

இன்னொரு இடத்தில். டக்.

தள்ளி இன்னொரு இடத்தில். டக். டக். டக்.

வட்டமாகத் தட்டிக்கொண்டே போனாள். தட்டத் தட்ட அவரையே பார்த்தாள்.

பக்கிரிசாமி திரும்பி வந்தார். கட்டில் காலடியில் உட்கார்ந்தார். கல்யாணத்துக்கு முன்னால் இவள் வீட்டில் கடைகளுக்குப் பயறு உடைத்துக் கொடுத்தார்கள். முற்றத்தில் நாலு திரிகை. பெண் பார்க்கப் போன அன்று ஒருத்தர் உளியும் சுத்தியுமாக உட்கார்ந்து கல்லை டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தார். காது வலிக்கிறது என்று மாப்பிள்ளையாகப் போன இவர்தான் நிறுத்தச் சொன்னார். என் வீட்டுக்கு வருகிறவள் கை கல்லைத் தொடக் கூடாது என்று அன்றைக்கே மிக்ஸியைப் பற்றிப் பெருமையாகப் பேசினார்.

"கல்லக் கொத்தணுமா?" என்று கேட்டார்.

குஞ்சம்மாள் கண்ணை மூடித் திறந்தாள்.

"கூறு..." என்றாள். மேலே வரவில்லை.

"கெட்ட மனுஷன்" என்று அவரே முடித்தார். "சரி."

●

உளி இருந்தது. சுத்தி இருந்தது. மெக்கானிக் வீட்டில் அதற்கா பஞ்சம்.

மேல்கல்லைத் திருப்பிப் போட்டுக் கொத்தினார். முகம் பார்க்கிற கல்லில் முதல் அடி விழுந்தபோது கொஞ்சம் வலித்தது. பாலிஷுக்கு இரண்டு நாள் காத்திருந்து வாங்கியது. அப்புறம் பழகிவிட்டது.

கால் பாகம் கொத்தியதும் கல்லைக் கட்டிலருகே தூக்கி வந்தார். குஞ்சம்மாள் இடது உள்ளங்கையை வைத்துத் தடவினாள்.

"இல்ல."

இன்னும் கொத்தினார். கொண்டுவந்தார்.

"இல்ல."

நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் லேசாகவும் வர வேண்டுமாம். அதை அவளால் சொல்ல முடியவில்லை. அவர் விரலைப் பிடித்து நடுவில் அழுத்தினாள், ஓரத்துக்கு வர வர அழுத்தத்தை விட்டாள். அவருக்குப் புரிந்தது. முப்பத்திரண்டு வருஷம் ஆயிரம் மிக்ஸிக்கு பிளேடு மாற்றியவருக்கு, அரைக்கிறது எது என்று அன்றைக்குத்தான் விரலில் தெரிந்தது.

பொழுது போய்விட்டது. இடையில் பால் ஒரு டம்ளர், கெட்டியாகக் கரைத்த கேப்பைக் கூழ் ஒரு டம்ளர். கூழுக்கு மாவு பக்கத்து வீட்டு மருமகள் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். இந்தத் தடவை அவர் வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை கீழ்க்கல்லும் முடிந்தது. உள்ளங்கையை வைத்தாள். வட்டமாகத் தடவினாள். ஒரு இடத்தில் நின்றாள். அங்கே இரண்டு அடி. மறுபடி தடவினாள்.

"ம்."

கழுவிக் காய வைத்து, ஒரு பிடி அரிசி போட்டுச் சுற்றினார். இப்போது கல் பேசியது. கரகரவென்று கனத்த சத்தம். வெள்ளையாக மாவு விழுந்ததும் அவர் அள்ளப் போனார்.

"கொட்டு" என்றாள்.

ஏன் என்று கேட்க வாயெடுத்தவர், ஒரு சிட்டிகை எடுத்துப் பல்லில் வைத்தார். நறநறவென்றது. கல் தூள். கொட்டினார். இரண்டாம் பிடியையும் கொட்டச் சொன்னாள். மூன்றாம் பிடியையும். அதற்குப் பிறகுதான் நிறுத்தினாள்.

அப்புறம் வறுத்த அரிசியும் பயறும். பழக்கத்தில் குழி நிறையக் கொட்டப் போனார். குஞ்சம்மாள் அவர் கையைத் தட்டிவிட்டாள். கிண்ணத்தைத் தன் மடிக்கு இழுத்தாள்.

ஐந்து விரலில் கொஞ்சம் எடுத்துக் குழிக்குள் விட்டாள். அவரைப் பார்த்தாள்.

அவர் சுற்றினார்.

சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் மெலிந்தபோது அடுத்தது விட்டாள். அவர் வேகம் எடுத்தால் விரலைத் தூக்கிவிடுவாள், ஒன்றும் விழாது. மெதுவாக்கினால் விடுவாள். கொஞ்ச நேரத்தில் அவர் அவள் விரலை மட்டும் பார்த்துச் சுற்றினார். தோள் வலிக்கவில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மாவு விழுந்தது. முகத்துக்குப் போடுகிற பவுடர் மாதிரி விழுந்தது.

●

கஞ்சி இறக்கி ஆற்றிக்கொண்டிருந்தபோது தையல்நாயகி வந்தாள். நனைந்திருந்தாள். வங்கக் கடலில் புயல் உருவாகிவிட்டதாம், நாலு நாளில் கரை ஏறுமாம், கடைத்தெரு முழுக்க அதே பேச்சு என்றாள். சொல்லிக்கொண்டே மீட்டர் பெட்டியில் ஃப்யூஸை மாட்டி மெயினை ஏற்றினாள்.

அடுப்படியில் மிக்ஸி காலி ஜாரோடு பேய் மாதிரி அலறியது. முதல் நாள் பழக்க தோஷத்தில் அவர் சுவிட்சைத் தட்டிவிட்டு அப்படியே விட்டிருந்தார்.

போய் நிறுத்திவிட்டு வந்தார். டம்ளரை எடுத்தார். ஒரு கரண்டி மொண்டார். இரண்டு நாள் உளி பிடித்த கை, உதறியது. கஞ்சி தளும்பியது. அவள் உதட்டருகே கொண்டுபோகவே முடியவில்லை.

குஞ்சம்மாள் கரண்டியை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டாள். இடது கையால் தானே வாயில் வைத்தாள்.

விழுங்கினாள்.

பக்கிரிசாமி குனிந்தார். அவள் தொண்டையையே பார்த்தார். பத்து எண்ணினார். இருபது எண்ணினார்.

இருமல் வரவில்லை.

தையல்நாயகி தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள்.

"எப்படிண்ணே இருக்காம் கஞ்சி?"

நல்லா இருக்காம் என்று சொல்லப் பக்கிரிசாமி வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது.

கட்டில் பக்கம் திரும்பினார்.

"ஏ, குஞ்சு. எப்படி இருக்கு?"

குஞ்சம்மாள் அவசரப்படவில்லை. இன்னொரு கரண்டி எடுத்தாள். நாக்கில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினாள். விழுங்கினாள். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உப்பே இல்ல."